திராட்சையை வாங்காவிட்டால் யாருக்கு என்ன?

கேள்வி: ஆகஸ்ட் 2, மாலை 6.15

மகன் உயர்நிலை மூன்று. கலிபோர்னியா திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறான். "மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள், முதலாளிகள் பணிந்தார்கள்" என்று முடித்திருக்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வாங்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வாங்கப்போகிறாள். வேலைநிறுத்தம் என்றால் புரிகிறது. புறக்கணிப்பு என்பது வெறும் வாய்வீரம்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆகஸ்ட் 2, இரவு 10.40

தங்கச்சி, உங்கள் மகன் எழுதியது பாதி சரி. நீங்கள் சந்தேகப்படுவதும் பாதி சரி.

மெக்சிகோ தொழிலாளர்கள் டெலானோ என்ற ஊரில் 1965இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஐந்து வருடம் ஓடியது. 1970 ஜூலை 29இல்தான் பெரிய தோட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூலி மணிக்கு 1.80 டாலர், அதோடு பறிக்கும் பெட்டிக்கு 20 காசு. வேலைநிறுத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் முதல் வருடமே கதை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தோட்டம் மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. ஒரு வாசலில் நீங்கள் நின்றால் இன்னொரு பாதை வழியாக லோரியில் புது ஆட்களை ஏற்றி வந்துவிடுவான். ஐநூறு பாதைக்கு ஐநூறு பேரை எங்கே நிறுத்துவது?

ஆனால் அந்தப் பழம் கடைசியில் ஊருக்குள்தானே வரவேண்டும். பேரங்காடிக்கு வாசல் ஒன்றோ இரண்டோதான். அங்கே நின்றார்கள். வாரத்துக்கு 5 டாலர் கைச்செலவு, படுக்க யார் வீட்டிலாவது ஓர் இடம், அவ்வளவுதான் கொடுத்து, ஊரை விட்டே போகாத தோட்டத்து ஆட்களை நியூயார்க், சிகாகோ, டொராண்டோ என்று அனுப்பினார்கள். ஆங்கிலம் சரியாக வராதவர்கள் குளிரில் கடைவாசலில் நின்று, உள்ளே போகிற அம்மாக்களிடம் "இந்தப் பழம் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாங்குவாள் என்கிறீர்களே, அவளைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

ஆகஸ்ட் 3, காலை 7.05

நேற்று எழுதியதில் பெரிய தப்பு. புளோக்குக்குக் கீழே ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் பிலிப்பினோ பெண்ணிடம் காலையில் இதைப் பேசப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தொடங்கியவர்கள் மெக்சிகோக்காரர்கள் இல்லை, பிலிப்பினோக்கள்.

1965 செப்டம்பர் 8. தலைவர் லாரி இட்லியோங். கையில் மூன்று விரல் இல்லாதவர், "ஏழு விரல்" என்றே கூப்பிடுவார்களாம். கேட்டது மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 காசு. அந்த வருடக் கோடையில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் 1.40 கிடைத்திருந்தது. அதே பழம், அதே கை. டெலானோவில் மட்டும் ஏன் குறைவு என்று கேட்டார்கள். சீசர் சாவேஸும் டொலோரஸ் உவெர்த்தாவும் நடத்திய மெக்சிகோக்காரர் சங்கம் எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, ஒரு தேவாலயத்தில் கூடி வாக்கெடுத்துத்தான் சேர்ந்துகொண்டது.

அந்தப் பிலிப்பினோ ஆட்களில் பலர் கிழவர்கள், கட்டைப் பிரம்மச்சாரிகள். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்ட அந்தக் காலத்துச் சட்டம் விடவில்லை, ஊரிலிருந்து பெண்ணைக் கூட்டிவரக் காசு இல்லை. "மனோங்" என்று அழைப்பார்களாம். இலோக்கானோ மொழியில் அண்ணன் என்று அர்த்தம். அந்தப் பெண் அந்த வார்த்தையைச் சொன்ன விதம், நாம் தேக்காவில் காய்கறி வாங்கும்போது "அண்ணே" என்கிறோமே, அதே இழுப்பு.

தங்கச்சி, மகனிடம் சொல்லி முதல் பத்தியைத் திருத்தச் சொல்லுங்கள். என்னால் ஆன உபகாரம்.

ஆகஸ்ட் 3, இரவு 11.20

அந்த எட்டு நாள் மண்டையைக் குடைகிறது.

அந்த எட்டு நாளில் மெக்சிகோக்காரர்கள் தோட்டத்துக்குள் போய்ப் பழம் பறித்திருந்தால்? அதற்கு முன் அப்படித்தானே நடந்து வந்தது. பிலிப்பினோ நிறுத்தினால் மெக்சிகோக்காரனைக் கூப்பிடுவான், மெக்சிகோக்காரன் நிறுத்தினால் பிலிப்பினோ. முகாமும் தனித்தனி. தோட்டக்காரன் புத்திசாலி.

என் அப்பாயி மலாயாவில் கிள்ளான் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்து வளர்ந்தவர். இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகுதான் தாத்தாவோடு சிங்கப்பூர் வந்து செம்பவாங்கில் குடியேறினார். அவர் சொன்ன ஒன்றை எழுதுகிறேன். விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு ஆளாளுக்கு நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் இறங்கும். அதனால் நிரைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். இருட்டு, கொசு, தலையில் கட்டிய விளக்கு. யாரையும் பார்க்க முடியாது. ஆனால் கேட்கும். பக்கத்து நிரையில் கத்தி பட்டையில் இழுபடும் சத்தம், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்க்கும் சத்தம். "ஸ்ட்ரைக்குன்னு மொத நாள் ராத்திரி எல்லாரும் சத்தியம் பண்ணுவோம். காலையில பக்கத்து நிரையில கத்தி சத்தம் கேட்டுச்சுன்னா நம்ம கை தன்னால மரத்துக்குப் போயிரும்."

எனக்குத் தெரிந்து வேலைநிறுத்தத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. துரை ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்து நிரைக்காரன் கத்தியை எடுக்கிறானா இல்லையா? டெலானோவில் எட்டாம் நாள் கத்திச் சத்தம் கேட்கவில்லை. நடந்தது அதுதான்.

ஆகஸ்ட் 4, மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் பேரங்காடிக்குப் போய்ப் பார்த்தேன். கலிபோர்னியா திராட்சை, விதையில்லாதது, தள்ளுபடி. வாங்கவில்லை. கொள்கையெல்லாம் இல்லை, சர்க்கரை வியாதி.

ஆகஸ்ட் 5, இரவு 9.30

கிள்ளான் என்று எழுதியதும் உட்லண்ட்ஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "உங்கள் அப்பாயி 1941 ஸ்ட்ரைக்கைப் பார்த்திருப்பாரே?" பார்த்தார். எங்கள் வீட்டில் அது "சைக்கிள் ஸ்ட்ரைக்". துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். துரைக்கு மட்டுமில்லை, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கும் இறங்கவேண்டும். தாத்தா சேர்த்து வைத்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். ஏறியதைவிட இறங்கியதுதான் அதிகம் என்பார். அதற்காகத்தான் ஸ்ட்ரைக் நடந்தது என்று நினைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

ஆகஸ்ட் 6, இரவு 10.15

சைக்கிளுக்காக மட்டும் இல்லை. தேடிப் படித்தேன், திருத்துகிறேன்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் வேலை பார்த்தவர். கோரிக்கைகள் பன்னிரண்டு. முதலாவது கூலி: சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே தமிழனுக்கும் கொடு. அப்போது நம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது காசு. அதே மரத்தை வெட்டும் சீனருக்கு அதைவிட நிறைய. ஐரோப்பாவில் சண்டை நடக்கிறது, ரப்பருக்கு நல்ல விலை, துரைமாருக்குக் கொழுத்த லாபம். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடையை மூடு, தோட்டத்துக்குள் சொந்தக்காரர்கள் வந்துபோக விடு, பெண்களிடம் வெள்ளைத் துரைகளும் "கறுப்பு ஐரோப்பியர்களும்" (துரை மாதிரி நடந்துகொண்ட ஆசியக் கிராணிமார்) கைவைப்பதை நிறுத்து. சைக்கிள் இந்தப் பட்டியலில் எங்கேயோ ஒன்பதாவது பத்தாவது இடத்தில் இருக்கிறது.

மே மாதம் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அதற்கப்புறம்தான் நிஜமாகவே பற்றிக்கொண்டது. தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் மாநிலத்தில் அவசரநிலை. பட்டாளம் இறங்கியது, அதுவும் இந்தியப் பட்டாளம். சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

இத்தனையும் நடந்திருக்கிறது. அப்பாயி எங்களிடம் சொன்னது சைக்கிளை மட்டும். ஐம்பது காசு அறுபதானதைச் சொல்லவில்லை. பெண்களைப் பற்றிய கோரிக்கையைச் சொல்லவே இல்லை. அப்போது அவருக்கு இருபது வயதுதான். ஏன் சொல்லவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. கேட்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6, இரவு 10.50

பக்கத்து நிரை பற்றி நான் எழுதியதற்கும் இது பொருந்துகிறது பாருங்கள். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. சீனனுக்கு ஒன்று, தமிழனுக்கு ஒன்று. இப்படி வைத்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தியைக் கீழே போடவே மாட்டார்கள். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் வந்து தன் வேலையைப் பிடித்துவிடுவானோ என்று பயம். கீழே இருப்பவனுக்கு வயிற்றெரிச்சல். துரை நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகஸ்ட் 7, காலை 8.00

ஜூரோங்கில் ஓர் அண்ணன், பழைய தோட்டத்து ஆள், கேட்டிருக்கிறார்: "தம்பி, திராட்சை அழுகும், பால்மரம் அழுகுமா?"

நல்ல கேள்வி. அழுகாது. வெட்டாமல் விட்டால் பால் மரத்துக்குள்ளேயே இருக்கும், மரத்துக்கு ஓய்வு. துரை காத்திருப்பான், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு காத்திருக்காது. அதனால் பால்மரத்து ஆள் விலை ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும். 1941இல் அப்படித்தான் பார்த்து நிறுத்தினார்கள். திராட்சை கொடியிலேயே கனிந்து வெடிக்கும், பறித்தாலும் வண்டியிலேயே வாடும். அது தொழிலாளி பக்கம் நிற்கிற பழம். எந்தப் பயிர் எத்தனை நாள் பொறுக்கும் என்று தெரியாமல் சங்கம் நடத்த முடியாது.

அண்ணன் இதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டிருக்கிறார். கொஞ்சம் எழுதுங்கள் அண்ணே. உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8, இரவு 11.55

தங்கச்சி மறுபடியும் வந்திருக்கிறார். "சரி, கடைவாசலில் நின்றார்கள். முதலாளி சும்மாவா இருந்தான்?"

சும்மா இல்லை. முதலில் ஜியுமாரா என்ற மிகப் பெரிய தோட்டத்தை மட்டும் குறிவைத்தார்கள். ஜியுமாராக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, மற்ற தோட்டக்காரர்களிடம் அவர்கள் பேர் போட்ட பெட்டிச் சீட்டை வாங்கித் தங்கள் பழத்தின்மேல் ஒட்டிவிட்டார்கள். கடைக்குப் போகிறவர் எந்தப் பெட்டி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால்தான் 1968இல் கலிபோர்னியா திராட்சை மொத்தத்தையும் வாங்காதீர்கள் என்று மாற்றினார்கள். சீட்டு ஒட்டிய தந்திரம் அவர்கள் தலையிலேயே விடிந்தது. சீட்டு கொடுத்து உதவிய சின்னத் தோட்டக்காரனும் சேர்ந்து மாட்டிக்கொண்டான்.

அமெரிக்க ராணுவம் வியட்நாமில் இருந்த சிப்பாய்களுக்குத் திராட்சை வாங்குவதைக் கூட்டியது. பக்கத்து வீட்டுக்காரி வாங்குவாள் என்றீர்களே தங்கச்சி, இங்கே பக்கத்து வீட்டுக்காரி பென்டகன்.

இன்னொரு வேடிக்கை. 1935இல் அமெரிக்காவில் தொழிற்சங்கச் சட்டம் வந்தபோது வயல்வேலைக்காரர்களை அதில் சேர்க்கவில்லை. சங்கம் வைத்தால் முதலாளி பேசியே ஆகவேண்டும் என்ற பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் 1947இல் அதே சட்டத்தில் ஒரு தடை வந்தது: சண்டை உனக்கும் உன் முதலாளிக்கும், அவன் சரக்கை விற்கும் மூன்றாவது ஆளின் கடைமேல் கைவைக்காதே என்று. சட்டத்துக்குள்ளேயே இல்லாதவனை அந்தத் தடையும் கட்டவில்லை. வீட்டுக்குள் விடாதவனுக்கு வீட்டு விதி எதற்கு? ஆலைத் தொழிலாளி செய்ய முடியாததைத் தோட்டத் தொழிலாளி செய்தான்.

ஆகஸ்ட் 9, மாலை 5.30

தேசிய தினம். விமானங்கள் தலைக்கு மேல் பறக்கின்றன. பேரன் கொடியோடு ஓடுகிறான். யாரோ ஒருவர் "இங்கே இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கே சிங்கப்பூரில் ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்யவேண்டுமானால் உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுத்துப் பெரும்பான்மை வாங்கவேண்டும். பேருந்து போன்ற அத்தியாவசியச் சேவை என்றால் பதினான்கு நாள் முன்னறிவிப்பு. 2012 நவம்பர் 26 நினைவிருக்கும். சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் வண்டி எடுக்கவில்லை. 1986க்குப் பிறகு நம் ஊரில் நடந்த முதல் வேலைநிறுத்தம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் குறை என்ன? அதே பேருந்து, அதே வழித்தடம், மலேசிய ஓட்டுநருக்கு அதிகச் சம்பளம்.

ஐம்பது காசுக் கதைதான். இனத்துக்குப் பதில் பாஸ்போர்ட்.

அன்று மலேசிய ஓட்டுநர்கள் வண்டியை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று நாளை எழுதுகிறேன், இப்போது பேரன் இழுக்கிறான்.

ஆகஸ்ட் 11, இரவு 10.00

நாளை என்றேன், இரண்டு நாள் ஆயிற்று. எழுதத் தயக்கம்.

இருபது வருடத்துக்கு முன் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் கீப்பராக இருந்தேன். நிறுவனம் எது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டு ஆட்கள் ஓர் அறுபது பேர், வங்காளதேச ஆட்கள் கிட்டத்தட்ட அதே அளவு. சாப்பாடு கேட்டரிங். மாதம் 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். விடியற்காலை நாலரைக்கு லோரி வரும். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகவே வரும். மதியப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாரக்கட்டில், கம்பிவேலியில், கிடைத்த ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். எறும்பு ஏறக்கூடாதே. நாலரைக்கு வந்த சோறு என்றால் சமைத்தது எத்தனை மணிக்கு? பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் வாடை அடிக்கும். விரலால் எடுத்தால் நூல் விடும். குழம்பைத் தனியாகக் கட்டியிருந்தால் கொஞ்சம் பிழைத்தது. சோற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தால் போச்சு.

முறையிட்டார்கள். சூப்பர்வைசர் "சொல்கிறேன்" என்றார். மறுபடி முறையிட்டார்கள், மறுபடி "சொல்கிறேன்".

ஒரு நாள் மதியம் அலுவலகக் கண்டெய்னர் கதவைத் திறந்தால் வாசலில் பொட்டலங்கள். வீசியெறியவில்லை. வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று சாயாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவரும் எதுவும் பேசவில்லை. வெறும் வயிற்றோடு திரும்பிப் போய் வேலை பார்த்தார்கள். அதுதான் சூட்சுமம். வேலையை நிறுத்தியிருந்தால் அன்று மாலையே எல்லாருடைய வேலை பெர்மிட்டும் போயிருக்கும். சாப்பிடாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?

"யார் ஆரம்பித்தது?" என்று சூப்பர்வைசர் சுற்றிச் சுற்றிக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

வங்காளதேச ஆட்களுக்கு வேறு கேட்டரிங், அவர்கள் சாப்பாடு எவ்வளவோ தேவலை. எல்லாரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டால் தமிழ் ஆட்கள் சும்மா தகராறு செய்கிறார்கள் என்று முடிந்துவிடும். மறுநாள் மதியம் வரிசை இரண்டு மடங்கு நீளம். அவர்களும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் கேட்டரிங் மாறியது. மதியச் சாப்பாடு பதினொன்றரைக்குத் தனியாக, சூடாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து இரண்டு பேருக்குப் பெர்மிட் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. அவர்கள் பேரை அட்டையிலிருந்து எடுத்தது நான்தான், அது என் வேலை.

முதல் நாள் நான் என்ன செய்தேன்? எனக்கும் அதே கேட்டரிங் பொட்டலம்தான், கண்டெய்னருக்குள் குளிர்சாதனம் இருந்ததால் கெடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். அன்று மீன் வறுவல், எனக்கு மீன் என்றால் உயிர். இதை வீட்டில் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருப்பேன், "மீனுக்காகக் கொள்கையை விட்டவன்" என்று.

ஆகஸ்ட் 12, காலை 6.45

பின்னூட்டங்களைப் படித்தேன். திட்டியவர்களுக்கும் நன்றி. "டைம் கீப்பர் கிராணிதானே" என்று உட்லண்ட்ஸ்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தாத்தா சைக்கிளை விட்டு இறங்கியது என் மாதிரி ஆளுக்குத்தான். அது ராத்திரியே எனக்கு உறைத்திருந்தது, எழுதத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 14, இரவு 9.20

புறக்கணிப்பு ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது மாதிரி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கள்ளுக்கடையை மறந்துவிட்டோமே.

தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. சம்பளத்தன்று வரிசை கடை வரைக்கும் நீளும். வலது கையில் கொடுத்த கூலியை இடது கையில் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. 1947இல் மலாயாவின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்று இளவட்டங்கள் திரண்டு, கடைவாசலில் மறியல் செய்து, குடிக்கப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். போலீஸ் வந்தது, அடிதடி, உயிர்ப்பலியும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஒழுக்கப் பிரச்சாரம் என்று நினைத்து ஆசி வழங்கினார்கள். துரைக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. இன்றைக்குக் கள் வேண்டாம் என்று ஒன்றாகத் திரும்பிப் போகத் தெரிந்தவன் நாளைக்குப் பெரட்டிலிருந்தும் ஒன்றாகத் திரும்பிப் போவான்.

பெண்கள் இதில் முன்னால் நின்றார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு ஆச்சரியமே இல்லை. சம்பளத்தன்று ராத்திரி லயத்தில் நடந்ததை அப்பாயி சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, பிற்பகல் 3.00

ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் வழக்கமாகச் சந்திக்கும் ஒரு தம்பி, திருவாரூர்ப் பக்கம், இங்கே குழாய் பொருத்தும் வேலை. டீ குடித்துக்கொண்டே இந்த இழையைக் காட்டினேன். கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். "அண்ணே, திராட்சைக்காரங்க 1968ல கடைவாசல்ல நின்னாங்கன்னு போட்டிருக்கீங்க. அதே வருசந்தான் எங்க பக்கம் வெண்மணி."

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கேட்டது நெல் கூலியில் கொஞ்சம் உயர்வு, அரைப்படி. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை நடத்தப் பார்த்தார்கள். சங்கத்துக் கொடியை இறக்கு என்றார்கள். இறக்கவில்லை. அன்று இரவு ஒரு குடிசைக்குள் ஒதுங்கியவர்களை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். வழக்கில் முக்கியக் குற்றவாளிகள் என்று சொல்லப்பட்டவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அறுக்காத நெல் உதிரும். பயிர் தொழிலாளி பக்கம் நின்றால் போதும் என்று ஜூரோங் அண்ணனுக்கு எழுதினேனே, போதாது. டெலானோவில் திராட்சை போனால் தோட்டக்காரனுக்குப் போவது பணம். தஞ்சாவூரில் பண்ணையாளுக்கு அரைப்படி கொடுத்தால் மிராசுதாருக்குப் போவது நெல் மட்டும் இல்லை. யார் யாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம் என்ற கணக்கே போகிறது. சைக்கிளும் அதுதான். கூலியைவிட அதற்குத்தான் அதிகமாகக் கோபப்பட்டார்கள்.

தம்பி டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஆகஸ்ட் 19, இரவு 8.10

தங்கச்சி கேட்கிறார்: "மகன் வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்கவேண்டும். முடிவில் என்ன எழுதட்டும்?"

மகனிடம் சொல்லுங்கள்: 1970இல் ஜெயித்தார்கள் என்பதோடு நிறுத்தவேண்டாம். மூன்று வருடத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் தோட்டக்காரர்கள் பலர் லோரி ஓட்டுநர் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டு இவர்களைக் கழற்றிவிட்டார்கள். மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி புறக்கணிப்பு. 1975இல்தான் கலிபோர்னியாவில் வயல்வேலைக்காரர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. குனிந்தே வேலை பார்க்க வைத்த குட்டைப்பிடி மண்வெட்டிக்குத் தடை வந்ததும் அதே வருடம். லாரி இட்லியோங் 1971லேயே சங்கத்தை விட்டு விலகிவிட்டார். தொடங்கி வைத்த மனோங்குகளுக்குச் சங்கத்துக்குள் குரல் குறைந்துகொண்டே போனதில் அவருக்கு வருத்தம். எழுபதுகளில் அதே சங்கம், பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி வந்து வேலையைப் பிடித்தவர்களைக் குடிநுழைவுத் துறைக்குக் காட்டிக்கொடுத்ததும் நடந்தது. பக்கத்து நிரைக்காரனைச் சேர்த்துக்கொண்டு ஜெயித்தவர்கள், அதற்கடுத்த நிரைக்காரனைப் பிடித்துக்கொடுத்தார்கள். இதையும் எழுதட்டும். ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அனுப்புங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு: வாய்வீரம் இல்லை. ஆனால் நீங்கள் ஒருத்தி வாங்காமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது என்பதும் நிஜம். புளோரிடாவில் இம்மோகலீ என்ற ஊரில் தக்காளி பறிப்பவர்கள் 2001இல் டாக்கோ பெல் உணவுக்கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். நான்கு வருடம். கேட்டது ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரே ஒரு காசு கூடுதல், அது பறிக்கிறவர் கைக்குப் போகவேண்டும். 2005இல் கிடைத்தது. பறிக்கிறவர்கள் முதலில் தங்களுக்குள் சேர்ந்தார்கள், யாரிடம் என்ன கேட்பது என்று முடிவு செய்தார்கள், அப்புறம்தான் வாங்குகிறவர்களிடம் வந்தார்கள். அவர்கள் கேட்காமல் நாமாக ஒரு பழத்தை ஒதுக்கிவைத்தால் அது விரதம்.

ஆகஸ்ட் 23, இரவு 11.40

இந்த இழையை யாரோ யாருக்கோ அனுப்பி, அது புதுக்கோட்டை வரைக்கும் போயிருக்கிறது. துவாஸ் தளத்தில் என்னோடு இருந்த ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். பெர்மிட் புதுப்பிக்காத இரண்டு பேரில் ஒருவர். பேர் போடவில்லை, அவரும் போடவேண்டாம் என்றார்.

கோபமெல்லாம் இல்லை. ஊரில் சின்னதாக எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறாராம். நான் எழுதியதில் இரண்டு தப்பு என்று திருத்தியிருக்கிறார். ஒன்று, வங்காளதேச ஆட்கள் மறுநாள் தானாக வந்து வைக்கவில்லை. முதல் நாள் ராத்திரி இவர் அவர்கள் அறைக்குப் போய், தெரிந்த பத்து இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். அவர்களில் ஒரு பெரியவர் கடைசியில் "நாளைக்கு எங்களுக்கு ஒன்று என்றால் வருவீர்களா?" என்று மட்டும் கேட்டாராம். நான் கண்டெய்னரில் உட்கார்ந்துகொண்டு அது ஏதோ தானாக நடந்த அதிசயம் மாதிரி எழுதிவிட்டேன்.

இரண்டாவது: "சார், அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சைவம். சாம்பாரும் முட்டைக்கோசும்தான். மீன் கிடையாது."

நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான்.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப எதுக்குச் சாப்பிட்டீங்க?" என்றாள். எனக்கு முட்டைக்கோசு பிடிக்காது, அவளுக்கும் தெரியும்.